மயில்துத்த நீலம்

மூன்று நாளாக இவர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கொத்தனார் கரண்டி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். அது வளைந்துபோனதும் மண்வெட்டியைக் காம்பிலிருந்து கழற்றி அந்தத் தகட்டால் சுரண்டினார். தலையில் துண்டு. இமையிலும் மீசையிலும் நீலத் தூள். முதலில் நீலம் உதிர்ந்தது. அதன்கீழ் போன வருஷத்து வெள்ளை, அதற்கும் கீழே முந்தின வருஷத்துக் காவிக்கோடு, கடைசியில் செங்கல். செங்கல் தெரிந்த பிறகும் அவர் விடவில்லை.

எங்கள் மூத்தவள் சுமதிக்கு அப்போது ஆறு வயது. விளக்குமாற்றால் அந்தத் தூளைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். "அப்பா, இங்கன கொஞ்சம் விட்டுட்டீங்க" என்று காட்டினாள். அவர் எழுந்து அந்த இடத்துக்குப் போனார்.

நான் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்தத் தகட்டைக் கீழே போட்டிருப்பார். நான் சொல்லவில்லை.

சின்னவள் வசந்தியை அடக்கம் செய்து அன்றைக்கு ஐந்தாம் நாள். அவளுக்கு இரண்டரை வயது.

ஒரு வாசகி கேட்ட கேள்வி

உடைந்த வளையல் துண்டுகளை விளக்குச் சுடரில் வாட்டி வளைத்து, ஒன்றோடொன்று கோத்து வாசலுக்குத் திரை செய்த கதையைப் போன மாதம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். சுடரில் எத்தனை நேரம் பிடிக்க வேண்டும், பிளாஸ்டிக் வளையல் ஆகுமா, கண்ணாடி வளையல் கையைக் கிழிக்காதா என்று ஆளுக்கொரு சந்தேகம்.

அதில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தாள். "அம்மா, இவ்வளவு கைவேலை தெரிந்த உங்கள் வீட்டுச் சுவரில் நாற்பது வருஷமாக ஒரு காலண்டர்கூடத் தொங்கவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஏன்?"

கெட்டிக்காரி. நானாகப் போய் வாயைக் கொடுத்துவிட்டேன், பிறகு கேட்டவளைக் குறை சொல்லி என்ன செய்ய? அந்தக் கடிதத்தை நாலு நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் எடுத்துவைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

எலி வளை

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். போடியில் எங்களுக்கு அப்படி ஒரு வளை இருந்தது. ஒரு கூடம், ஓர் அடுப்படி, பின்னால் துணி துவைக்கக் கொஞ்சம் இடம், ஒரு முருங்கை மரம். பின்வாசலில் நின்றால் மலை தெரியும்.

இவருக்குப் போடிமெட்டுக்கு அந்தப்புறம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் சோலி. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்பில் இறங்குவார். பத்துப் பேர் உட்காருகிற ஜீப்பில் இருபது பேர் தொற்றிக்கொண்டு வருவார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் மறுபடி ஏறிவிடுவார். மற்ற நாளெல்லாம் நானும் இரண்டு பெண்களும் நாலு சுவரும்தான். சுமதி மலையைக் கைகாட்டி, "அங்கனதான் அப்பா இருக்காரு" என்பாள். சின்னவள் உடனே மலையைப் பார்த்துக் கை ஆட்டுவாள். மேகம் மூடி மலையே தெரியாத நாளிலும் ஆட்டுவாள்.

நாலு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். எனக்கு அழகுபடுத்தும் பைத்தியம் பிடித்தது. பழைய சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை. ஏலக்காய்ச் சாக்கைப் பிரித்து, ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டிக் கால்மிதி. மிட்டாய்த் தாளில் பூ. வயர் பின்னிக் கிளி. பக்கத்து வீட்டு அன்னக்கிளி அக்கா வரும்போதெல்லாம் இடுப்பில் கை வைத்துப் பார்ப்பாள். "ஏந்தாயி, ஓட்டுல ரெண்டு ஓடு ஒடஞ்சு கெடக்கு. அதுக்கு வழியக் காணோம், வாசலுக்கு வளையல் திரையாக்கும்" என்பாள். அவள் வீட்டுக்கும் ஒரு திரை செய்துகொடுத்தேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சைக் காணோம்.

அந்த வருஷத் தீபாவளிக்குத் தோட்டத்து முதலாளி வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே ஓர் அறை முழுக்க நீலம். உட்கார்ந்த உடனே உடம்பு குளிர்ந்த மாதிரி இருந்தது. காபி கொடுத்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள், எதுவும் என் நினைவில் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இவரை நான் நச்சரிக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து ஒரு தடவை அடித்துப் பார்த்தோம். திட்டுத் திட்டாகப் பிடித்து, ஒரே மாதத்தில் பழைய பனியன் மாதிரி ஆகிவிட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இவர் அம்மி அளவுக்குக்கூடக் கல் இல்லை, பாவம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டார்.

"மேல மருந்து கலக்குற தொட்டி ஓரத்துல காஞ்சு ஒட்டியிருக்கும். அதான் நீ கேக்குற கலரு."

கத்தி வைத்துப் பார்ப்பது

மழைக்கு முன்னால் ஏலச்செடிக்கு ஒரு மருந்து அடிப்பார்கள். காய் அழுகாமல் இருப்பதற்கு. மயில்துத்தத்தை ஒரு தொட்டியில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொரு தொட்டியில் கரைத்து, பிறகு இரண்டையும் சேர்ப்பார்கள். துத்தத்துக்கு மேலே மலையாளத்துப் பேரில் துரிசு என்பார்கள். தனியாக இருந்தால் அது விஷம். இலையையே பொசுக்கிவிடும். சுண்ணாம்பு சேரச்சேரத்தான் அது அடங்கும்.

அடங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. துருவில்லாத இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கிக் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கத்தி சுத்தமாக வந்தால் கலவை சரி. தோட்டத்தில் அந்தக் கத்தியைப் பார்க்கிற பொறுப்பு இவருடையது.

அடுத்த சனிக்கிழமை காகிதப் பொட்டலமாகத் துத்தம் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பின்வாசலில் இரண்டு மண்பானைகள் வைத்துக் கலந்தார். என் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கிடந்த கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து முக்கினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை பார்த்தார். "போதும்ங்க, செடிக்கா அடிக்கப் போறோம்" என்று நான் அவசரப்படுத்தினேன். "புள்ளைக பொழங்குற எடம். பேசாம இரு" என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கல்யாணக் களைதான். இவர் மேல்பாதி அடிக்க, நான் கீழ்ப்பாதி. சுமதி கதவு நிலையில் நீலம் படாமல் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். வசந்திக்கும் ஒரு தேங்காய் மட்டையும் கொட்டாங்குச்சியில் தண்ணீரும் கொடுத்திருந்தோம். அவளும் பின்சுவர் முழுக்கத் தண்ணீர் அடித்தாள். வெயிலில் அது காய்ந்து போனதும் அழுதாள். இவர் மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொடுத்து, "அடி ஆத்தா, நீதான்டி மேஸ்திரி" என்றார்.

சுவர் காய்ந்ததும் வந்த நீலத்தை நான் இன்றுவரை வேறெங்கும் பார்த்ததில்லை.

பொட்டலத்தில் ஒரு கைப்பிடித் துத்தம் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை ஜீப்புக்குக் கிளம்பும்போது இவர் சொல்லிவிட்டுப் போனார். "மிச்சத்த முருங்கைக்கிட்ட ஆழமாக் குழி தோண்டிப் பொதச்சிரு. இன்னிக்கே செய்யி. மறந்துறாத."

"சரிங்க" என்றேன்.

மாடத்தில் ஒரு டம்ளர்

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததுதான் தப்பு. கற்கண்டு மாதிரி கட்டி கட்டியாக, மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. இதையா மண்ணில் போடுவது என்று தோன்றியது. வாய் உடைந்த கண்ணாடி டம்ளர் ஒன்று இருந்தது. அதில் போட்டு ஜன்னலுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தேன். காலை வெயில் அதில் படும்போது நீலச்சுவரில் இன்னொரு நீலம் விழும். அத்தனை அழகு.

உயரமான மாடம், பிள்ளைக்கு எட்டாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு நிச்சயமாக நம்பியவள் சனிக்கிழமை சாயங்காலம் அதை எடுத்து அடுப்படிப் பரணில் ஒளித்துவைப்பேனா? ஒளித்துவைத்தேன். இவர் திங்கட்கிழமை ஜீப் ஏறியதும் மறுபடி மாடத்தில் வைத்தேன். மூன்று வாரம் இப்படி நடந்தது.

இதற்கிடையில் வசந்திக்குச் சுவரை நக்கும் பழக்கம் வந்திருந்தது. சுண்ணாம்பு வாசத்துக்குப் பிள்ளைகள் செய்வதுதான். இவர் பார்த்துவிட்டுக் கண்டித்திருக்கிறார். அன்னக்கிளி அக்காவும் பார்த்திருக்கிறாள். தெருவுக்கே தெரியும்.

ஆமாக்கா

அது ஒரு புதன்கிழமை. சுமதி பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

துணிப்பெட்டியை மாடத்துக்குக் கீழே நகர்த்திப் போட்டவள் நான்தான். திரை மாட்டுவதற்காக நகர்த்தி, திரும்ப எடுக்கவில்லை. அதன்மேல் ஏறியிருக்கிறாள். நான் போனபோது கீழே உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் நீலம். "அம்மா, தூ" என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். அப்படியே வாந்தி எடுத்தாள்.

வாயைக் கழுவினேன். விரலை விட்டுத் துழாவினேன். சிதறிக் கிடந்த கட்டிகளை அள்ளி டம்ளரில் போட்டுப் பரணில் தள்ளினேன். இதில் எதை முதலில் செய்தேன்? பிள்ளையை முதலில் தூக்கினேனா, டம்ளரை முதலில் எடுத்தேனா? இந்த வயதிலும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அன்னக்கிளி அக்கா ஓடிவந்தாள். பிள்ளையின் வாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"என்ன தாயி, செவுத்த நக்கிட்டாளா?"

"ஆமாக்கா" என்றேன்.

அவ்வளவுதான். நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அவள் நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன்.

தெருமுனை டாக்டரிடம் அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள். "செவுத்துச் சுண்ணாம்ப நக்கிருச்சுங்கய்யா." அவர் என்னைப் பார்த்து, "வேற ஒண்ணும் சாப்பிடலயே?" என்று கேட்டார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். மருந்து கொடுத்தார். பால் கொடுக்கச் சொன்னார். நிற்காவிட்டால் வெரசா தூக்கிட்டு வாங்க என்றார்.

வாந்தி கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. பொழுது சாயும்போது மறுபடி ஆரம்பித்தது. அவரிடம் மறுபடி ஓடியபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. விடிந்ததும் மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். சிறுநீர் பால் ஊற்றாத கட்டங்காப்பி நிறத்தில் போனது. அன்னக்கிளி அக்காவும் கூட வர, முதல் பஸ்சில் ஏறினோம். மலைக்கு ஒரு ஜீப்புக்காரரிடம் தகவல் சொல்லி அனுப்பினோம்.

மதுரை ஆஸ்பத்திரியில் அன்னக்கிளி அக்கா சீட்டு எழுதப் போயிருந்த நேரத்தில், ஒரு பெண் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். சின்ன வயசுப் பெண். திட்டவில்லை. "நேத்தே இதச் சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வசந்தி போய்விட்டாள்.

கேட்ட கேள்வியும் சொல்லாத பதிலும்

அன்று சாயங்காலம் நாங்கள் அவளைக் கொண்டுவந்து சேர்ந்தபோது இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தகவல் சுற்றிச்சுற்றி அவரிடம் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகிவிட்டது. காலில் செருப்பில்லை. தோட்டத்து மண் அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியதும் அன்னக்கிளி அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தனக்குத் தெரிந்தவரை. சுவர், நீலம், நாக்கு. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அந்த அழுகையை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? மூன்றாம் நாள் நாலு சுவரும் முடிந்ததும் அவர் வந்து என் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். விரலெல்லாம் கீறி ரத்தம்.

"நான் கத்திய மூணு வாட்டி பாத்தேன்ல?"

"பாத்தீங்க."

"செவப்பு ஏறலல்ல?"

"ஏறலங்க."

அந்தக் கேள்வியை அவர் பல வருஷம் கேட்டார். சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்பார். பஸ்சில் போகும்போது திடீரென்று கேட்பார். நானும் அதே இரண்டு பதிலைத்தான் சொன்னேன். இரண்டும் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்கள். நான் மறைத்தேன். தினமும் அந்தச் சோற்றை அவருக்குப் போட்டேன்.

மருந்து கலக்கும் பக்கம் அவர் அதற்கப்புறம் போகவில்லை. முதலாளியிடம் கெஞ்சிக் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டார். பொங்கலுக்குத் தெருவே வெள்ளையாக இருக்கும், எங்கள் வீடு மட்டும் செங்கல்லாக நிற்கும். சில வருஷம் கழித்துச் சிமெண்டு பூசினார், வண்ணம் கிடையாது. சுமதி கல்யாணத்துக்காவது வெள்ளையடிக்கலாம் என்று சம்பந்தி வீட்டில் கேட்டபோது, மரியாதையாக எழுந்து வெளியே போய்விட்டார். கல்யாணத்தை மண்டபத்தில் வைத்துக்கொண்டோம். வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவும் அவர் விட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

டம்ளரை முருங்கைக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். அவர் சொன்ன வேலையை ஒரு மாதம் பிந்திச் செய்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம். பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ, சுமதியைப் பிரித்துவிடுவாரோ என்று. அப்புறம் பயம் போய்விட்டது, வெட்கம் வந்துவிட்டது. அதற்கும் அப்புறம் சொல்லவே கூடாத அளவுக்கு நாள் ஆகிவிட்டது. நான் கோழை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

படித்துக் காட்டினேன்

இவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அதனால் நான் எழுதுவதையெல்லாம் அனுப்புவதற்கு முன்னால் அவருக்குப் படித்துக் காட்டுவேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார். "இது இப்பிடி நடக்கலயே" என்று திருத்துவார்.

இதையும் படித்தேன். மேலே இருக்கிறதே, அது மொத்தத்தையும். மாடம் வந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். அவர் முழங்காலில் கையை ஊன்றியபடி கேட்டார். எதையும் திருத்தவில்லை.

முடிந்ததும் எழுந்து பின்வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். அடிப்பார், காறித் துப்புவார், சுமதி வீட்டுக்குப் போய்விடுவார் என்று நான் எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பஸ்சுல போறப்ப என்னையக் கேட்டாளா?"

இத்தனை வருஷத்தில் பிள்ளையின் அந்தக் கடைசி நாட்களைப் பற்றி அவர் ஒன்றுகூடக் கேட்டதில்லை. கல்நெஞ்சுக்காரர் என்றுகூட நான் நினைத்திருக்கிறேன். தன் கையால் கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தவர், அதைக் கேட்கத் தனக்கு அருகதை இல்லை என்று இருந்திருக்கிறார். அப்பனுக்கு உள்ள அந்த உரிமையைக்கூட நான் பறித்துவைத்திருந்தேன்.

"கேட்டா" என்றேன். "உசிலம்பட்டி தாண்டுறவரைக்கும் கேட்டுக்கிட்டேதான் வந்தா."

"நீ என்ன சொன்ன?"

"அப்பா சனிக்கெழமை வந்துருவாருன்னு சொன்னேன்."

அவர் காபியைக் கையில் எடுத்தார். அதில் ஆடை படிந்திருந்தது.

"நான் வெள்ளிக்கெழமையே வந்துட்டேனே, புள்ள" என்றார்.